குருத்தும் வெளியோலையும்



திருநீற்றுப் புதன் நெருங்கும்போது, சென்ற ஆண்டு மந்திரித்து வீட்டுக்கு எடுத்துச்சென்ற குருத்தோலைகளைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவருமாறு பங்குகளில் அறிவிப்பது வழக்கம். அவற்றை எரித்த சாம்பலே நம் நெற்றியில் இடப்படுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்தவர்கள் அந்நாளை விபூதிப் புதன் என்பீர்கள். தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்தவர்கள் சாம்பல் புதன் என்பீர்கள். பெயர் எதுவாயினும் ஓலை ஒன்றே. ஊரில் அந்த ஓலைச் சிலுவை வாசல் நிலையிலோ திருவுருவப் படத்தின் பின்னோ ஓராண்டு முழுவதும் செருகப்பட்டிருக்கும். பச்சையாக வந்தது மஞ்சளாகி, உலர்ந்து, சாம்பலாகும். ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கண்ணீரும் சிரிப்பும் அதன் கீழே நடந்திருக்கும்.

நாம் வாழும் பாபடோயிட்டோயில் தென்னை காய்ப்பதில்லை. பனை ஓங்கி நிற்பதில்லை. பருவங்களும் தலைகீழாக நிற்கின்றன. கிறிஸ்து பிறப்பு கோடையில் வருகிறது; உயிர்ப்புப் பெருவிழா இலையுதிர் காலத்தில் வருகிறது. ஆகவே, "ஊரில் செய்ததையெல்லாம் இங்கே எப்படிச் செய்வது, சுவாமி?" என்று பலரும் கேட்கிறீர்கள். இக்கேள்விக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓலையின் கதை. ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்ததை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியுள்ளனர். ஆயினும் ஓலையின் மரத்தைக் குறிப்பிடுபவர் யோவான் ஒருவரே. மத்தேயுவும் மாற்கும் மரக்கிளைகள் என்றும் இலைதழைகள் என்றும் பொதுவாகச் சொல்கின்றனர். லூக்காவோ மேலுடைகளை மட்டுமே கூறுகிறார். யோவானின் கிரேக்க மூலம் குறிப்பது பேரீச்ச மரத்தின் கிளைகளை. நம் தமிழ் மரபு அதனைக் குருத்தோலை என்று தன் மண்ணின் சொல்லால் வழங்கியது. அந்த ஒரு சொல்லிலேயே பாலை நிலத்துப் பேரீச்சை நம் தென்னந்தோப்புக்கும் பனங்காட்டுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எஜேரியா என்னும் பெண்மணி, தாம் கண்ட குருத்து ஞாயிறு பவனியைப் பதிவுசெய்துள்ளார். ஒலிவ மலையிலிருந்து மக்கள் இறங்கி வருகின்றனர். நடக்க இயலாத பச்சிளங் குழந்தைகளைப் பெற்றோர் சுமந்து வருகின்றனர். சிறுவர் சிலர் கையில் பேரீச்ச ஓலையும் சிலர் கையில் ஒலிவக் கிளையும் இருக்கின்றன. திருநகரிலேயே, தொடக்க காலத்திலேயே, ஒரே வகை ஓலை வேண்டுமென்ற நிபந்தனை இல்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

இவ்வழக்கம் குளிர் நாடுகளுக்குச் சென்றபோது அங்கே பேரீச்சை ஏது? போலந்திலும் இரஷ்யாவிலும் பனிக்காலம் முடிந்து முதலில் மொட்டு விடும் வில்லோ மரத்தின் கிளைகளை எடுத்தனர். இரஷ்யர் அந்த ஞாயிற்றுக்கே வில்லோ ஞாயிறு என்று பெயரிட்டனர். அயர்லாந்தில் யூ மரத்தின் கிளை குருத்தோலையாயிற்று. பதினோராம் நூற்றாண்டில், 1091-இல் கூடிய பெனவென்டோ சங்கத்தின் வழியாகத் திருத்தந்தை இரண்டாம் ஊர்பான் சாம்பல் பூசும் வழக்கத்தை எல்லாருக்கும் உரியதாக்கினார். பல மரங்களின் கிளைகள் பல நாடுகளில் எரிந்து சாம்பலாயின. நெற்றியில் இட்டபோது எல்லாம் ஒன்றே.

நம் நாட்டில் ஓலை என்பது வெறும் வழிபாட்டுப் பொருளாக இருந்ததில்லை. அது வீட்டின் உடலாகவே இருந்தது. கூரை ஓலை, வேலி ஓலை, குந்தும் தடுக்கு ஓலை. பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, சந்தைக்குக் கடகம், அரிசி புடைக்கச் சுளகு, படுக்கப் பாய் எனப் பனை தராத பொருள் குறைவு. புனித சவேரியார் 1542-இல் வந்திறங்கிய முத்துக்குளித்துறையில், திருச்சிலுவை ஆலயத்தால் புகழ்பெற்ற மணப்பாடு, பனையோலைக் கைவினைக்கும் பெயர்பெற்ற ஊராக இன்றும் விளங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓலை பின்னிய கைகளுக்கு, குருத்து ஞாயிறன்று ஒரு சிலுவை மடிப்பது பெரிய வித்தையன்று. ஈர்க்கை நீக்கி, ஓலையை வாகாக மடித்து, குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகினால் சிலுவை பிறந்துவிடும். பாட்டியின் விரல்களைப் பார்த்துப் பேரப்பிள்ளை கற்றது. எழுதிவைத்த பாடம் எதுவும் இல்லை.

இங்கே நம் கண்முன் நிற்கும் செடி ஹரகெகே. சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும் வாள் போன்ற நீண்ட இலைகளோடு கொத்துக் கொத்தாய் நிற்பது அதுவே. ஐரோப்பியர் இதன் நாரைக் கண்டு ஆளிச்செடி என்று பெயரிட்டனர். உண்மையில் ஆளிக்கும் இதற்கும் உறவில்லை. மாவோரி மக்களுக்கு ஹரகெகே நம் பனையைப் போன்றது. கெட்டே என்னும் கூடையும், ஃபாரிகி என்னும் பாயும், கயிறும், வலையும், உடையும் அவர்கள் இதிலிருந்தே செய்தனர். நியூசிலாந்தின் பல பங்குகளில் குருத்து ஞாயிறன்று இதன் இலையில் மடித்த சிலுவைகளை மக்கள் ஏந்துகின்றனர்.

ஹரகெகேயை அறுப்பதற்கு மாவோரி மரபில் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. விசிறி போல் விரியும் ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் ஓர் இளங்குருத்து இருக்கும். அதன் பெயர் ரிட்டோ; அதுவே குழந்தை. அதனை இருபுறமும் அணைத்து நிற்கும் இலைகள் அஃபி ரிட்டோ; அவை பெற்றோர். இவற்றைத் தொடக்கூடாது. வெளிப்புறத்து முதிர்ந்த இலைகள் மூதாதையர். அவற்றை மட்டுமே அறுக்கலாம். நீர் உட்புகாமல் வழிந்தோட, வெளிநோக்கிச் சாய்வாக அறுக்க வேண்டும். மழையிலும் இரவிலும் அறுப்பதில்லை. பின்னி முடித்தபின் எஞ்சிய துண்டுகளைச் செடியின் அடியிலேயே சேர்க்க வேண்டும். ஒருவர் முதன்முதலில் பின்னிய பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும். முதற்பலனை ஆண்டவருக்குக் கொடுக்கக் கற்ற நமக்கு இது அந்நியமான பாடமா?

நம் மரபும் இவர்கள் மரபும் இங்கே எதிரெதிராக நிற்பதைக் காண்கிறீர்கள். நாம் குருத்தைத் தேடி அறுத்தோம். தென்னை அதைத் தாங்கிக்கொண்டு மறுகுருத்து விட்டது. ஹரகெகேயின் குருத்தை அறுத்தால் அந்தக் கொத்தே பட்டுப்போகும். ஆகவே இந்நாட்டில் குருத்து ஞாயிற்றுக்கான ஓலை முதிர்ந்த ஓலையாகத்தான் இருக்க முடியும். குழந்தை வளரட்டும் என்று மூத்தோர் தம்மைக் கொடுக்கின்றனர். குடும்பத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றலாம்; இந்தச் செடி அவை அனைத்தையும் வாய் திறவாமல் சொல்லிவிடுகிறது.

இனி, வீடு எவ்வாறு விசுவாசத்தைக் காத்தது என்பதற்கு வருவோம். 1658-இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று, கோயில்கள் பறிக்கப்பட்டன. 1687-இல் புனித யோசேப்பு வாஸ் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவர் பிச்சைக்காரரைப் போலக் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறதோ அந்த வீட்டார் கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். சில்லாலையில் தங்கி மறைவாகப் பணியாற்றினார். 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்து வீரர்கள் சுற்றிவளைத்துக் கைதுசெய்தனர். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அது தைப்பொங்கலை ஒட்டிய நாள் என்பதை நம்மவர் மறந்திருக்கமாட்டீர்கள்.

அந்த முப்பது ஆண்டுகள் விசுவாசத்தைச் சுமந்தவர் யார்? மாலையில் விளக்கேற்றி மண்டியிட்ட தாயும், பிள்ளைக்கு வாய்ச்செபம் சொல்லிக்கொடுத்த பாட்டனும்தாம். குரு வந்தபோது அடையாளம் கண்டுகொள்ள, வீட்டில் அடையாளம் எஞ்சியிருந்தது. வேடிக்கை ஒன்றும் சொல்லலாம். அவ்வளவு கடுமை காட்டிய ஒல்லாந்தர் மொழியிலிருந்தே இலங்கையின் கொக்கிசுப் பலகாரத்துக்குப் பெயர் வந்தது. நம் பண்டிகைத் தட்டில் அது இன்னும் இருக்கிறது. அவர்களின் தடைச்சட்டம் இல்லை.

இதே போன்ற வரலாறு பிரான்சின் தென்பகுதியான புரோவான்சிலும் உண்டு. குடிலை முதலில் அமைத்தவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். 1223-இல், கிரேச்சோ என்னும் மலையூரில், வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு அமைத்தார். நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் குடில் கோயில்களின் பெருங்காட்சியாக வளர்ந்தது. பிரஞ்சுப் புரட்சியின்போது கோயில்கள் மூடப்பட்டன. குடில்களைக் காண வழியில்லை. அப்போது மார்செய் நகரத்து லூயி லாஞெல் என்னும் கலைஞர், அச்சில் வார்த்த சிறு களிமண் உருவங்களை எளியோரும் வாங்கத்தக்க விலையில் செய்தார். சாந்தோன் என்று அழைக்கப்படும் அவ்வுருவங்களுக்கென மார்செயில் 1803-இல் சந்தையே தொடங்கிற்று. மீன் விற்பவளும், தண்ணீர் சுமப்பவனும், ஊர்க் குயவனும் பாலனைக் காண வரிசையில் நின்றனர். கோயில் மூடிய ஆண்டுகளில்தான் குடில் வீட்டுக்குள் வேரூன்றியது.

நியூசிலாந்துத் திருச்சபையின் தொடக்கமும் ஒரு வீடே. 1838 ஜனவரி 13 அன்று, ஹொக்கியாங்காவின் டொடாரா முனையில், ஆயர் பொம்பலியே திருப்பலி நிறைவேற்றினார். இந்நாட்டு மண்ணில் அவர் ஆற்றிய அம்முதல் திருப்பலி நடந்தது, அயர்லாந்துக்காரரான தாமஸ் பாயின்டன், மேரி பாயின்டன் தம்பதியரின் இல்லத்தில். அதற்கு முன், தம் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குப் பெறுவதற்காக மேரி கடல் கடந்து சிட்னி வரை சென்று திரும்பினார். குரு இல்லாத நாட்டில் ஒரு தாய் அவ்வளவு தொலைவு சென்றாள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தபோது புதிதாக எதையும் புனையவில்லை. சில்லாலையும் மார்செயும் ஹொக்கியாங்காவும் முன்பே வாழ்ந்து காட்டியதற்குப் பெயர் சூட்டியது.

இப்போது இந்த ஊரின் பருவங்களோடு நடந்து பார்ப்போம்.

தவக்காலமும் உயிர்ப்பும் இங்கே இலையுதிர் காலம். வடநாட்டு மறையுரையாளர் வசந்தத்தின் தளிரைக் காட்டி உயிர்ப்பை விளக்குவர். நமக்கு உதிரும் இலைகளும் மண்ணில் விழும் விதைகளுமே சான்று. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால் பலனில்லை என்று ஆண்டவர் சொன்னதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான பருவம் உண்டோ?

ஜூன், ஜூலை மாதங்களில் குளிர் வரும், மடாரிகி வரும். விடியலுக்கு முன் கீழ்வானில் எழும் அவ்விண்மீன் கூட்டத்தை வைத்து மாவோரி மக்கள் புத்தாண்டைக் கணிக்கின்றனர். 2022 முதல் அது அரசு விடுமுறை நாள். அந்த விண்மீன்கள் வேறு எவையுமல்ல. நாம் கார்த்திகை என்று அழைக்கும் அதே கூட்டம். மடாரிகியின்போது பட்டம் விடுவது இவர்கள் மரபு. அந்தப் பட்டத்தின் சட்டகத்துக்கு உதவியது, டோயிட்டோய் என்னும் உயர்ந்த புல்லின் தண்டு. அதனைக் காகஹோ என்பர். கூட்ட மண்டபங்களின் சுவர்களை அணிசெய்யும் டுகுடுகு வேலைப்பாட்டுக்கும் அதுவே பயன்பட்டது. நம் ஊர்ப் பெயரான பாபடோயிட்டோய் அந்தப் புல்லிலிருந்தே வந்தது. கைவினைக்குரிய ஒரு புல்லின் பெயர் கொண்ட ஊரில் வாழ்கிறோம்! தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விண் கட்டிய பட்டங்கள் கூவியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே உள்ளீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கத் தை மாதம் வரை காத்திருக்க வேண்டுமா?

நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். ஊரில் அது மழைக்காலம்; நனைந்த கல்லறைகளில் மெழுகுதிரி அணையாமல் கைகுவித்துக் காப்போம். இங்கே அது வசந்தம். உறவினரின் கல்லறைகள் கடலுக்கு அப்பால் இருப்பவர்களே நம்மில் மிகுதி. கல்லறையே இல்லாமல் போனவர்களை நினைத்து அழுபவர்களும் உண்டு. வீட்டில் ஒரு படம், ஒரு விளக்கு, பிள்ளைகள் தொடுத்த ஒரு சரம் பூ. அதுவும் கல்லறைத் திருநாளே.

திருவருகைக்காலமும் கிறிஸ்து பிறப்பும் கோடையில். மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த விண்மீனை ஊரில் மாலை ஆறு மணிக்கே ஏற்றிவிடுவோம். இங்கே டிசம்பரில் கதிரவன் மறைய எட்டரை மணிக்கு மேலாகிறது. பிள்ளைகள் உறங்கும் நேரம் வந்தபின்தான் விண்மீன் ஒளிரும். பொறுமையோடு காத்திருத்தல் திருவருகைக்காலத்தின் பண்பு என்றால், அதை இந்த நீண்ட மாலைகள் கற்றுத்தருகின்றன. நம் பிலிப்பினோ சகோதரர்களும் மூங்கிலும் தாளும் கொண்டு பரோல் என்னும் விண்மீன் விளக்கைச் செய்கின்றனர். விளக்கு எனப் பொருள்படும் இசுபானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. செய்முறையை ஒப்பிட்டுப் பாருங்கள். உடன்பிறப்புகள் போல் இருக்கும்.

குடிலுக்குப் பசும்புல் வேண்டுமென்று சிறு தட்டில் தானியம் முளைக்கவிட்ட நினைவு உங்களில் சிலருக்கு இருக்கும். புரோவான்சிலும் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் கோதுமையை ஈரத்தில் இட்டு, முளைத்த பயிரைக் குடிலருகே வைக்கின்றனர். பனிநாட்டு மரத்தை மட்டும் தேட வேண்டியதில்லை. செந்நிறப் பூக்களோடு டிசம்பரில் பூக்கும் பொஹுடுகாவாவை இந்நாட்டார் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கின்றனர். 1857-இல் ஙாபுஹி இனத் தலைவர் பட்டுவோனே அளித்த விருந்தில் அப்பூக்கள் மேசையை அணிசெய்தன. அதன் கிளைகளால் குடியேறிகள் கோயில்களையும் வீடுகளையும் அலங்கரித்ததைச் சில ஆண்டுகளுக்குப் பின் ஹாக்ஸ்டெட்டர் என்னும் ஆஸ்திரிய நிலவியலாளர் குறித்துவைத்தார். வந்தேறியோர் இந்த மண்ணின் பூவைத் தம் திருநாளுக்கு எடுத்துக்கொண்டனர். நாமும் வந்தேறியோரே.

அன்பர்களே, இவ்வளவும் சொல்வதன் நோக்கம் பழம்பெருமை பேசுவதன்று. வீடு மந்திரிக்க வரும்போது நான் காண்பது ஒன்று உண்டு. கடையில் வாங்கிய நெகிழி விண்மீன் சன்னலில் மின்னுகிறது. அதன் கீழே நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருக்கிறார், ஊரிலிருந்து வந்த அப்பம்மாவோ அம்மம்மாவோ. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவர். பேரப்பிள்ளைகளின் பேச்சு அவருக்குப் பாதி விளங்கும். அவருடைய பேச்சு அவர்களுக்குப் பாதி விளங்கும். ஆனால் அவருடைய கைகளுக்குள் ஒரு நூலகம் இருக்கிறது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையானபோது, வீட்டையும் காணியையும் ஆடுமாடுகளையும் விட்டு வந்தவர்கள் உங்களில் உள்ளீர்கள். எல்லாவற்றையும் இழந்தவர்களால் விட்டுவர முடியாத ஒரே சொத்து, கை கற்ற வித்தை. ஒரு கொள்ளையனாலும் அதைப் பறிக்க இயலவில்லை. இங்கே, எந்த ஒடுக்குமுறையும் இல்லாத இந்த அமைதியான நாட்டில், கேட்பார் இல்லாததால் அது அழிந்துவிடுமானால், அந்த இழப்புக்கு யாரைக் குற்றம் சொல்வோம்?

மொழி விளங்காத இடத்திலும் விரல் விளங்கும். அப்பம்மாவும் பேரனும் ஓர் ஓலையின் இரு முனைகளைப் பிடித்து அமர்ந்தால் அரைமணி நேரம் பேச்சே தேவைப்படாது. பேச்சு தானாக வரும். செபமும் அதன் பின்னால் வரும்.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் ஒரு விண்ணப்பம். பழைய குருத்தோலைகளைக் கொண்டுவாருங்கள். குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனியன்று, உங்கள் தோட்டத்திலோ அனுமதி பெற்ற இடத்திலோ ஹரகெகேயின் வெளியோலைகளை மட்டும் அறுங்கள். அறுக்குமுன் ஒரு சிறு செபம் சொல்லுங்கள். நடுநரம்பை நீக்கி, கத்தியின் முதுகில் மெல்ல இழுத்தால் இலை தளர்ந்து வளையும். வீட்டில் மூத்தவர் மடிக்க, இளையவர் பார்க்கட்டும். பின் இளையவர் மடிக்க, மூத்தவர் பார்க்கட்டும். பிள்ளை மடித்த முதல் சிலுவை எவ்வளவு கோணலாக இருந்தாலும், மாவோரி ஒழுங்கின்படி, அதை அடுத்த வீட்டாருக்கோ தனியே வாழும் முதியவருக்கோ கொடுக்கச் சொல்லுங்கள். மூத்தோர் இல்லாத வீடுகள், மூத்தோர் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நடுக்குருத்தைத் தொடாதீர்கள். அது வளர வேண்டியது. அதை அணைத்து நிற்கும் இலைகளையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு வேலை இருக்கிறது. வெளியோலைகளாகிய மூத்தோரே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்களிடம் உள்ளதை இப்போதே கொடுங்கள்.

உங்கள் இல்லங்களையும் அவற்றில் உழைக்கும் கைகளையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.